சொல்லுக்கு எண், எண்ணுக்கு நிரை

2013இல் கூகுளில் தாமஸ் மிக்கொலோவும் உடன் பணியாற்றியவர்களும் வேர்ட்டுவெக்கை வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டே ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலிருந்து ஜெஃப்ரி பென்னிங்டன், ரிச்சர்ட் சோச்சர், கிறிஸ்டோபர் மேனிங் மூவரின் குளோவ் வந்தது. ஒரு சொல் எந்தெந்தச் சொற்களோடு சேர்ந்து வருகிறது என்பதைக் கோடிக்கணக்கான வாக்கியங்களில் கவனித்து, அந்தச் சொல்லை எண்களின் வரிசையாக, அதாவது வெக்டராக, எழுதிவிடுவதுதான் இரண்டிலும் நடப்பது. பொருளில் நெருங்கிய சொற்களின் எண்வரிசைகளும் நெருங்கியே இருக்கும். இந்த வெக்டர்களை எப்படி உருவாக்குவது என்பது பற்றி ஏராளமாக எழுதிவிட்டார்கள். உருவான வெக்டர்களில் வேண்டியதை விரைவாக எடுப்பது எப்படி என்பது பற்றி எழுதப்பட்டது குறைவு. பைத்தான் போன்ற மொழியில் அகராதி என்ற தரவு வகை கையில் இருப்பதால் அங்கே யாரும் அதைப் பற்றி யோசிப்பதில்லை. எண்வரிசைகளையும் அணிகளையுமே அடிப்படையாகக் கொண்ட அரே மொழிகளில் யோசித்தாக வேண்டும். அப்படி யோசித்ததில் விளைந்தவை சில, பிற மொழிக்காரர்களுக்கும் பயன்படுபவை.

அரே மொழிகளின் மூலம் கென்னத் ஐவர்சன். ஹார்வர்டில் வகுப்பெடுக்கும்போது கணக்கீட்டு முறைகளைக் கரும்பலகையில் சுருக்கமாக எழுத ஒரு குறியீட்டு முறையை அவர் வகுத்துக்கொண்டார். 1962இல் அது புத்தகமானது. 1966இல் ஐபிஎம் கணினிகளில் ஏபிஎல் என்ற மொழியாக ஓடியது. 1979இல் அவருக்கு டியூரிங் விருது கிடைத்தது. பின்னர் அவரும் ரோஜர் ஹூயியும் 1990இல் ஜே மொழியைத் தந்தார்கள். ஆர்தர் விட்னி கே மொழியை எழுதினார். அதன் வழிவந்த க்யூ இன்று நிதிச்சந்தைத் தரவுகளில் புழங்குகிறது. 2020இல் மார்ஷல் லாக்பாம் பிக்யூஎன் மொழியை வெளியிட்டார். குறிகள் மாறினாலும் இந்தக் குடும்பத்தின் இயல்பு மாறவில்லை: ஓர் எண்ணோடு ஓர் எண்ணைக் கூட்டும் அதே குறி, ஒரு கோடி எண்களோடு இன்னொரு கோடியையும் கூட்டும். சுற்றிச் சுற்றி வரும் கட்டளைகளை நாம் எழுத வேண்டியதில்லை.

குளோவின் ஒரு பிரபலமான தொகுப்பை எடுத்துக்கொள்வோம். 4 லட்சம் சொற்கள், சொல்லுக்கு 300 எண்கள். அரே மொழியில் இது இரண்டு பொருள்களாகப் பிரிகிறது. ஒன்று, 4 லட்சம் சொற்களின் பட்டியல். இன்னொன்று, 4 லட்சம் நிரைகளும் 300 நிரல்களும் கொண்ட ஓர் அணி. எண் ஒன்றுக்கு 4 பைட் என்றால் அணி 48 கோடி பைட். டயலாக் ஏபிஎல் போன்ற இன்றைய ஏபிஎல் வடிவங்கள் தசம எண்ணை 8 பைட்டில் வைப்பதால் இது 96 கோடி பைட்டாகிறது. கூகுள் செய்திகளிலிருந்து உருவான வேர்ட்டுவெக் தொகுப்பில் 30 லட்சம் சொற்களும் தொடர்களும் உள்ளன. அதற்கு 720 கோடி பைட் வேண்டும். இவ்வளவையும் ஒவ்வொரு முறையும் நினைவகத்தில் ஏற்றுவது வீண். ஒருமுறை எண்களாக மாற்றி வட்டில் எழுதிவைத்து, அந்தக் கோப்பையே அணியாகப் பார்க்கும் வசதி டயலாக், ஜே, க்யூ மூன்றிலும் உண்டு. ஒரு சொல்லின் வெக்டர் 2,400 பைட். இயங்குதளம் நினைவகத்தை 4,096 பைட் பக்கங்களாகக் கையாளும்போது, ஒரு சொல்லைக் கேட்டால் அதிகபட்சம் இரண்டு பக்கங்கள்தான் வட்டிலிருந்து வர வேண்டியிருக்கும்.

ஆக, நிரையின் எண் தெரிந்துவிட்டால் வேலை முடிந்தது. சொல்லிலிருந்து அந்த எண்ணுக்குப் போவதில்தான் எல்லாச் சிக்கலும்.

ஆரம்பகால ஏபிஎல்லிலேயே இதற்கு ஒரு குறி இருந்தது: அயோட்டா. இடப்பக்கம் பட்டியல், வலப்பக்கம் தேடப்படுபவை. விடையாக வருவது இட எண்கள். புதிதாக வருகிறவர்கள் இங்கேதான் வேகத்தை இழக்கிறார்கள். ஆயிரம் சொற்கள் கொண்ட பத்தியைச் சொல் சொல்லாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே அயோட்டாவை அழைக்கிறார்கள். ஒவ்வோர் அழைப்பும் 4 லட்சம் சொற்களின் பட்டியலை நேராகத் துழாவும், அல்லது சொல்லிலிருந்தே அதன் இடத்தைக் கணக்கிட உதவும் ஹாஷ் அட்டவணை ஒன்றைக் கட்டி, பயன்படுத்திவிட்டு, வீசிவிடும். தேடும் சொற்கள் பட்டியலெங்கும் சமமாகப் பரவியிருந்தால், நேராகத் துழாவும்போது சராசரியாகப் பட்டியலில் பாதிவரை போக வேண்டும். ஆயிரம் சொற்களுக்கு ஏறத்தாழ 20 கோடி ஒப்பீடுகள். பத்தி முழுவதையும் அப்படியே வலப்பக்கம் கொடுத்தால், அட்டவணை ஒரே முறை கட்டப்படும், ஆயிரம் சொற்களும் அதில் பார்க்கப்படும். இந்த மொழிகளில் தேடலின் வேகம், கேள்விகளை மொத்தமாகக் கேட்கிறோமா என்பதைப் பொறுத்தது. மற்ற நுணுக்கங்கள் எல்லாம் அதற்குப் பிறகு வருபவை.

பட்டியலில் இல்லாத சொல் வந்தால்? அயோட்டா பிழை சொல்லாது. கடைசி இடத்துக்கு அடுத்த எண்ணைத் தரும். அணியின் அடியில் 300 பூச்சியங்கள் கொண்ட ஒரு நிரையைச் சேர்த்துவிட்டால், தெரியாத சொற்கள் எல்லாம் தாமாகவே அந்த நிரைக்குப் போய்ச் சேரும். "இருந்தால் இது, இல்லாவிட்டால் அது" என்று ஒரு வரிகூட எழுத வேண்டாம். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த உத்தி இதுதான். அரை நூற்றாண்டுக்கு முன் எடுத்த சிறு முடிவு ஒன்று, அன்று யாரும் நினைத்திராத வேலைக்கு அப்படியே பொருந்துகிறது.

கேள்விகள் மொத்தமாக வராமல் ஒவ்வொன்றாக வரும் இடங்களும் உண்டு. பயனர் தட்டச்சு செய்யச் செய்யத் தேடுவது போல. அங்கே அட்டவணையைக் காப்பாற்றி வைக்க வேண்டும். ஜேயில் பட்டியலையும் தேடும் செயலையும் பிணைத்து அதற்கொரு பெயர் கொடுத்தால், அட்டவணை ஒருமுறை கட்டப்பட்டு அந்தப் பெயரோடு தங்கும். டயலாக்கில் பட்டியலின் மீதே அடையாளம் இட 1500 என்ற எண்ணுள்ள ஐ-பீம் என்ற சிறப்புக் கட்டளை இருக்கிறது. க்யூவில் பட்டியலில் எதுவும் இருமுறை வராது என்ற பண்பை ஏற்றினால் ஹாஷ், வரிசைப்படுத்தியது என்ற பண்பை ஏற்றினால் இருகூறு தேடல். இருகூறு தேடலுக்கு 4 லட்சத்தில் 19 ஒப்பீடுகளும், 30 லட்சத்தில் 22 ஒப்பீடுகளும் போதும். அட்டவணைக்கென்று தனி நினைவகம் வேண்டாம் என்பதால் சிறிய கணினிகளுக்கு நான் இதையே சொல்வேன்.

தமிழுக்கு வந்தால் கதை கொஞ்சம் மாறுகிறது. ஆங்கிலச் சொற்களைச் சம நீளத்துக்கு வெற்றிடம் நிரப்பி, எழுத்துகளின் ஓர் அணியாக வைப்பது அரே மொழிக்காரர்களின் பழைய வழக்கம். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். 'தமிழ்' என்ற சொல்லில் ஐந்து குறிகள், 15 பைட். 'படித்துக்கொண்டிருந்தவர்களிடம்' என்பதில் 29 குறிகள், 87 பைட். இந்த ஒரு சொல்லுக்காக எல்லாச் சொற்களையும் 87 பைட்டாக நீட்டினால் பெரும்பகுதி வெற்றிடமே. எனவே எல்லாச் சொற்களையும் ஒரே நீளச் சரமாக அடுக்கி, ஒவ்வொன்றும் எங்கே தொடங்குகிறது என்ற எண்களைத் தனியே வைப்பது நல்லது.

இதைவிட முக்கியமானது வேறொன்று. 'கொ' என்ற எழுத்தை ககரத்தோடு ஒற்றை ஒகரக்குறி சேர்த்தும் எழுதலாம். ககரத்தோடு எகரக்குறியும் காலும் சேர்த்தும் எழுதலாம். முன்னது 6 பைட், பின்னது 9 பைட். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். அயோட்டாவுக்கு அவை வேறு வேறு சொற்கள். ஒழுங்குபடுத்தாமல் தேடினால், பட்டியலில் இருக்கும் சொல்லே இல்லை என்று வந்து பூச்சிய நிரைக்குப் போய்விடும். பிழைச் செய்தியும் வராது.

தமிழ்ச் சொல் எடுக்கும் வடிவங்களுக்கு அளவில்லை என்பதால், முழுச்சொல் பட்டியல் எவ்வளவு பெரிதானாலும் போதாது. ஃபேஸ்புக்கின் ஃபாஸ்ட்டெக்ஸ்ட் இதற்கு வழி காட்டியது. 2018இல் 157 மொழிகளுக்கு அது வெக்டர்களை வெளியிட்டது. தமிழும் அதில் உண்டு. சொல்லை ஐந்து குறிகள் கொண்ட துண்டுகளாக நறுக்கி, துண்டுகளுக்கும் வெக்டர் வைத்திருக்கிறார்கள். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் ஒவ்வோர் அடையாளம் சேர்த்தால், மேலே சொன்ன நெடுஞ்சொல் 27 துண்டுகளாகும். ஒவ்வொரு துண்டும் ஹாஷ் கணக்கின்படி ஒரு பெட்டி எண்ணை, அதாவது அணியில் ஒரு நிரையின் எண்ணைப் பெறும். அந்த 27 நிரைகளின் சராசரிதான், பட்டியலில் இல்லாத அந்தச் சொல்லின் வெக்டர். அரே மொழியில் நிரைகளை எடுப்பதும் சராசரி காண்பதும் ஒரே வரி. பட்டியல் தேடலே இங்கு இல்லை.

நெருங்கிய சொற்களைக் கண்டுபிடிப்பது இந்த மொழிகளின் சொந்த ஊர். வெக்டர்களின் நீளத்தை முன்கூட்டியே ஒன்றாக்கிவிட்டால், நெருக்கம் என்பது வெறும் அணிப் பெருக்கல். ஏபிஎல்லில் மூன்று குறிகள், +.× அவ்வளவுதான். ஒரு சொல்லுக்கு 12 கோடிப் பெருக்கல். இன்றைய மடிக்கணினியில் ஒரு விநாடிக்குள் முடியும். இங்கும் நூறு சொற்களைச் சேர்த்துக் கேட்டால் அணியை நூறு முறை படிக்க வேண்டியதில்லை. முதல் பத்துச் சொற்களுக்காக 4 லட்சம் மதிப்பெண்களையும் வரிசைப்படுத்துவதை மட்டும் தவிர்க்க வேண்டும். ஒரு வரம்பு வைத்து வடிகட்டி, எஞ்சியதை வரிசைப்படுத்தலாம். குளோவ் கோப்பில் அதிகம் புழங்கும் சொற்கள் மேலே இருப்பதால், முதல் 50,000 நிரைகளோடு நிறுத்திக்கொண்டாலும் பல வேலைகளுக்குப் போதும்.

கோடிக்கணக்கில் நிரைகள் வரும்போது தோராயத் தேடல் முறைகள் தேவை. 2017இல் வந்த ஃபாய்ஸ் அதற்கான நூலகம். க்யூவின் நிறுவனமான கேஎக்ஸ் 2023இல் வெக்டர் தேடலுக்கென்றே ஒரு தரவுத்தளத்தை வெளியிட்டது. சில லட்சம் சொற்களோடு நிற்கிறவர்களுக்கு அவை எதுவும் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

ஜே, பிக்யூஎன் இரண்டும் திறந்த மூல மென்பொருள்கள். ஃபாஸ்ட்டெக்ஸ்டின் தமிழ் வெக்டர்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. இதில் இறங்க நினைக்கும் தமிழ் நிரலாளர்கள் முதல் நாளிலேயே ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளை ஒரே வடிவுக்குக் கொண்டுவந்துவிட்டு, பிறகு பட்டியலைத் தொடுங்கள்.