சாட்டையோடு வந்த வசனம்

மேற்கோளை அதன் சூழலோடு படிக்க வேண்டும் என்று வகுப்பில் சொல்கிறோம். மாணவர்கள் தலையாட்டுவாங்க, அடுத்த கட்டுரையிலேயே குறளில் பாதியை மட்டும் போட்டு விடுவாங்க. நமக்கு அது இரண்டு மதிப்பெண் விஷயம். அதே பழக்கம் ஒரு பெண்ணின் முதுகில் இறங்கிய கதை, பிரெடரிக் டக்ளஸின் தன்வரலாற்றில் (1845) இருக்கிறது.

டக்ளஸ் அமெரிக்காவின் மேரிலாண்டில் அடிமையாகப் பிறந்து, 1838-இல் தப்பியவர். அவருடைய எஜமானர் தாமஸ் ஆல்ட் 1832-இல் மெதடிஸ்ட் ஜெபக் கூட்டம் ஒன்றில் மனம் திரும்பினார். இனிமேலாவது இரக்கம் வரும் என்று டக்ளஸ் எதிர்பார்த்தார். வந்தது என்னவோ கொடுமைக்கு ஒரு சாக்குதான். சின்ன வயதில் நெருப்பில் விழுந்து கை வெந்துபோன ஹென்னி என்ற பெண்ணைக் கட்டிவைத்து, காலை உணவுக்கு முன்னால் ஒரு முறை, மதியம் வந்து இன்னொரு முறை அடிக்கிறார் ஆல்ட். அடிக்கும்போதே லூக்கா 12:47-ஐச் சொல்கிறார்: எஜமானின் விருப்பம் தெரிந்தும் செய்யாத ஊழியன் பல அடிகள் வாங்குவான் என்பது அதன் கருத்து.

டக்ளஸ் இங்கே விளக்கம் எதுவும் தருவதில்லை. வசனத்தையும் காயத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். அந்த அடக்கம்தான் இந்தப் பகுதியின் பலம் என்பேன். ஹென்னி ஒரு வார்த்தைகூடப் பேசாதது எனக்குக் குறையாகவே படுகிறது.

இப்போது பைபிளை எடுத்து இரண்டு வசனம் மேலே போங்கள். 12:45-இல் வரும் ஊழியன் யார்? வீட்டுப் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டவன். எஜமான் வரத் தாமதமாகும் என்று நினைத்து, மற்ற வேலைக்காரர்களையும் வேலைக்காரிகளையும் அடிக்கத் தொடங்குகிறான். தண்டனை முதலில் அவனுக்குத்தான்! உவமையில் ஆல்டுக்கு இடம் இருக்கிறது, ஆனால் எஜமானின் இடம் அல்ல.

நூலின் பிற்சேர்க்கையில் டக்ளஸ், தாம் எதிர்ப்பது கிறிஸ்துவின் மார்க்கத்தை அல்ல, அடிமை வைத்திருப்பவர்களின் மார்க்கத்தை என்று தெளிவாக்குகிறார். தேர்வில் அவரை 'மத எதிர்ப்பாளர்' என்று எழுதிவிடாதீர்கள்.

இன்னொன்றையும் அதே அத்தியாயத்தில் கவனியுங்கள். அடிமைகளுக்குப் புதிய ஏற்பாட்டை வாசிக்கக் கற்றுக்கொடுக்க ஒரு ஞாயிறு பள்ளி தொடங்கப்படுகிறது. மூன்று முறைதான் கூடினார்கள். சபையின் வகுப்புத் தலைவர்களே தடிகளோடு வந்து கலைத்தார்கள். வாசிக்கத் தெரிந்தவன் 45-ஆம் வசனத்தையும் வாசிப்பான் அல்லவா?