இரண்டு தொழிற்சாலைகள்

கந்தப்பளை ஹெதர்செட் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலை 1996இல் ஹோட்டலானது. இன்று கல்யாணம், விருந்தெல்லாம் அங்கே நடக்கின்றன. கட்டடக்கலைஞரின் வேலை கெட்டித்தனமானது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. வெளித்தோற்றத்தையும் ஜன்னல் வரிசைகளையும் அப்படியே விட்டு, கொழுந்து வாட்டிய மாடிகளை அறைகளாக்கியிருக்கிறார். பழைய மெஷின்களும் நிற்கின்றன. (முகப்பை மட்டும் விட்டுவிட்டு உள்ளே எல்லாவற்றையும் உடைக்கிற 'புதுப்பிப்பு'களைக் கண்டவர்களுக்கு இதன் அருமை தெரியும்.)

ஆனால் மெஷினுக்குக் கிடைத்த மரியாதை அதை ஓட்டியவர்களுக்குக் கிடைக்கவில்லை. விருந்தாளி சேலை கட்டி, கூடை மாட்டிக் கொழுந்து பறித்துப் பார்க்கலாம். அந்த விளையாட்டில் 'அரைப்பேர்' கிடையாது.

பதுளைப் பக்கம் இன்னொரு தொழிற்சாலையும் வேறு வேலைக்கு மாறியது. 2014 ஒக்டோபர் 29 காலை மீரியபெத்த லயங்களை மண்சரிவு மூடியது. தப்பியவர்களில் பல குடும்பங்களுக்குப் பூனாகலைப் பக்கத்துப் பழைய தேயிலைத் தொழிற்சாலைதான் ஏறக்குறைய இரண்டு வருடம் வீடு. 2016இல்தான் 75 வீடுகள் கையளிக்கப்பட்டன. இலை வாடுவதற்கென்று காற்றோட்டமாய்க் கட்டிய கட்டடத்தில், மலைக்குளிரில், கைக்குழந்தையை எங்கே படுக்கவைப்பது?

மலையகக் கட்டட மரபு பற்றி எழுதுகிறவர்கள் முதலாவதைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். இரண்டாவதற்கும் ஒரு வரைபடம் வேண்டும். எந்த மூலையில் யார் படுத்தார்கள், அடுப்பு எங்கே எரிந்தது என்று கேட்டுக் குறிக்க, அங்கிருந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.