அந்தரப்படாத புள்ள

நோன்பு மாதத்துப் பின்னேரம். கல்முனைக்குடியில் ஒரு குசினி. அடுப்பில் கஞ்சி கொதிக்கிறது. மஃரிபுப் பாங்குக்கு இன்னும் கால் மணித்தியாலம்தான். "சுறுக்கா பெய்த்து வா மனே" என்று பேரீச்சம்பழம் வாங்க மகனைக் கடைக்கு விரட்டுகிறார் உம்மா. திரும்பிச் சட்டியைத் தூக்கப்போனால் கை பதறுகிறது. பாயில் இருந்த உம்மம்மா சொல்கிறார்: "அந்தரப்படாத புள்ள."

இந்த இரண்டு சொற்களையும் எத்தனை தரம் கேட்டாலும் எனக்கு அலுப்பதில்லை. 'சுறுக்கா' மகனின் காலுக்குச் சொன்னது. 'அந்தரம்' உம்மாவின் நெஞ்சுக்கு. யாழ்ப்பாணத்தார் 'கெதியா' என்பார்கள். கதி என்ற வடசொல்லின் பேச்சு வடிவம் அது, நல்ல சொல்தான். ஆனால் சுறுக்காவில் முள் சுறுக்கென்று தைக்கிற கூர்மை இருக்கிறது. கேட்ட பிள்ளை நின்று யோசிக்காது.

அந்தரம் இன்னும் அழகு. நிலத்துக்கும் வானத்துக்கும் இடைப்பட்ட வெளிதான் அந்தச் சொல்லின் பழைய பொருள். பதறுகிறவருக்குக் கால் தரையில் பாவுவதில்லை, மனம் நடுவெளியில் தொங்குகிறது. அதைக் கண்டு சொன்னது போலவே இருக்கிறது. உம்மம்மா வேலையை நிறுத்தச் சொல்லவில்லை. மகளைத் தரைக்கு இறங்கச் சொல்கிறார்.

வேகத்துக்குள்ளும் வகை உண்டு. டக்கெண்டு எடுப்பது ஒரே அசைவு. விறுவிறெண்டு போவது நடை. மளமளவெண்டு முடிப்பது குவிந்து கிடந்த வேலை.

1961இல் அம்பாறை தனி மாவட்டமாகும்வரை கல்முனை மட்டக்களப்போடு இருந்த ஊர். பேச்சும் அந்தத் தமிழ்தான். கல்முனைக்குடியில் பிறந்த மொழியியலாளர் எம். ஏ. நுஃமான் மட்டக்களப்பு முஸ்லிம்களின் தமிழை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். அத்தனை பெறுமதி உள்ள பேச்சு இது.

ஆனால் ஆங்கில வகுப்பில் ஹரி, ரஷ், அர்ஜன்ட், பெனிக் நாலுக்கும் 'அவசரம்' என்ற ஒரே பொருளைப் பிள்ளைகள் கொப்பியில் எழுதிவருகிறார்கள். நாலும் நாலு சொல் என்று அவர்களுக்கு எப்படி விளங்கும்? ஆசிரியர்களே, ஹரிக்கு நேரே சுறுக்கு என்றும், பெனிக்குக்கு நேரே அந்தரம் என்றும் கரும்பலகையில் எழுதுங்கள். பிள்ளைகளுக்கு அந்த வித்தியாசம் வீட்டுக் குசினியிலேயே பழக்கம்.