பொதுக் கணினியில் நிலைபொருள் புதுப்பிப்பும் நிர்வாகி உரிமையும்

தாய்ப்பலகை, வட்டு முதலிய உறுப்புகளுக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள் நிலைபொருள் எனப்படும்; ஃபெர்ம்வேர் என்றும் சொல்வர். பலர் பயன்படுத்தும் கணினியில் இதைப் புதுப்பிக்க நிர்வாகி உரிமை வேண்டும் என்ற விதி சரியானதே. இயங்குதளம் கெட்டால் மீண்டும் நிறுவலாம். நிலைபொருள் பாதியில் அழிந்தால் கணினியே எழாது. விண்டோஸ் 95, 98 பதிப்புகளில் இத்தடை இல்லை. அதனால்தான் 1999 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் எனப்பட்ட சிஐஎச் நச்சுநிரல், வன்தட்டுத் தரவுகளோடு சில தாய்ப்பலகைகளின் பயாசையும் அழித்தது. பயனர் உரிமைகளைப் பிரித்துவைத்த விண்டோஸ் என்டியில் அது இயங்கவில்லை.

ஆனால் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதை இவ்விதி கேட்பதில்லை. பாடியில் நான் அறிந்த ஒரு பள்ளி ஆய்வகத்தில், நிர்வாகி கடவுச்சொல் கணினிகளை நிறுவித் தந்தவரோடு போய்விட்டது. மாணவர் கை படவில்லை, உண்மைதான்; திருத்தமும் உள்ளே வரவில்லை. 2023 டிசம்பரில் வெளியான லோகோஃபெயில் குறைகளுக்கு நிலைபொருள் புதுப்பிப்பே தீர்வு. பூட்டிய கதவுக்குச் சாவி இல்லையென்றால் அந்த ஓட்டை அப்படியே இருக்கும்.

இன்னொன்று, கடவுச்சொல் மின்தடையைத் தடுக்காது (நம் பக்கத்து வெயில்காலம் தெரிந்ததே). கடவுச்சொல்லை உறையிலிட்டுத் தலைமையாசிரியரிடம் வைப்பதும், புதுப்பிக்கும் முன் யூபிஎஸ் மின்கலத்தைச் சோதிப்பதும் விதியிலேயே இடம்பெற வேண்டும்.