என்லார்ஜருக்கு எந்த விளக்கு?

வீட்டிலேயே என்லார்ஜர் செய்பவர்கள் நல்ல லென்ஸைத் தேடி அலைவார்கள். விளக்கு என்று வரும்போது கையில் கிடைத்த பல்பை மாட்டிவிடுவார்கள். பிரிண்டின் கான்ட்ராஸ்டையும் மூலைக்கு மூலை ஒளி சீராக விழுவதையும் தீர்மானிப்பது அந்தப் பல்புதான். அதனால் 35 மி.மீ. கறுப்பு வெள்ளை நெகட்டிவ், மல்டிகிரேடு தாள் இரண்டையும் வைத்துக்கொண்டு விளக்கை மட்டும் மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

என்லார்ஜருக்கென்றே செய்த 75 வாட் ஓபல் குண்டு பல்பு இன்றும் நல்ல விளக்குதான். பால்வெள்ளைக் கண்ணாடிக்குள் கம்பி எங்கே எரிகிறது என்றே தெரியாது. பல்பின் தலையில் எழுத்து இருந்தால் தாளில் நிழல் விழக்கூடும் என்பதால் அங்கே எதையும் அச்சிடுவதில்லை. மல்டிகிரேடு ஃபில்டர்களும் இந்த மஞ்சள் ஒளிக்குப் பொருத்தமானவை. தொல்லை, அதன் சூடு. எக்ஸ்போஷர் நீண்டால் நெகட்டிவ் நடுவில் வளைந்து ஃபோகஸ் நழுவும். அதைவிடப் பெரிய தொல்லை நம் ஊர் வோல்டேஜ். வோல்டேஜ் 5 சதவீதம் இறங்கினால் குண்டு பல்பின் ஒளி ஏறத்தாழ 16 சதவீதம் குறையும். பக்கத்து வீட்டில் மோட்டார் ஓடும்போது போட்ட பிரிண்டும் நள்ளிரவில் போட்ட பிரிண்டும் ஒன்றாக இருக்காது.

சிஎஃப்எல் வேண்டவே வேண்டாம். முழு வெளிச்சத்துக்கு வருவதற்குள் எக்ஸ்போஷர் நேரமே முடிந்துவிடும்.

வீட்டுக்கு வாங்கும் 9 வாட் எல்இடி பல்பு சூடாகாது, விலையும் குறைவு. ஆனால் மலிவான சில பல்புகள் சுவிட்சை அணைத்த பிறகும் மெலிதாக மினுங்கும். பகலில் கண்ணுக்கே தெரியாத அந்த மினுங்கல் போதும், ஈசலில் (தாளைப் பிடிக்கும் சட்டத்தில்) காத்திருக்கும் தாளைக் கெடுத்துவிட. நிறத்திலும் சிக்கல் உண்டு. வெள்ளை எல்இடி என்பது 450 நானோமீட்டர் அருகே நீல ஒளி தரும் சிப்பின் மேல் மஞ்சள் பாஸ்பர் பூசியது. மல்டிகிரேடு தாளோ நீலத்தில் கான்ட்ராஸ்ட் கூடியும் பச்சையில் குறைந்தும் பதிவது. ஆகவே 6500 கெல்வின் பல்பில் ஃபில்டர் எண்ணுக்குரிய கிரேடு கிடைப்பதில்லை.

அந்தத் தாளின் குணத்தையே சாதகமாக்கிக்கொள்வதுதான் சரியான வழி. பச்சை, நீலம் என்று தனித்தனி எல்இடிகளை வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனி சுவிட்ச், தனி கான்ஸ்டன்ட் கரன்ட் டிரைவர் கொடுத்துவிட்டால் ஃபில்டரே தேவையில்லை. முதலில் பச்சையில் வெளிச்சப் பகுதிகளுக்கு நேரம் கணக்கிட்டு, பிறகு நீலத்தில் நிழல்களுக்கு அழுத்தம் கொடுக்கலாம். வோல்டேஜ் ஏறி இறங்கினாலும் டிரைவர் அதைத் தாளுக்குக் கடத்தாது. கூடவே ஒரு சிவப்பு எல்இடியும் வைத்தேன். சிவப்பு இந்தத் தாளில் பதியாது என்பதால், தாளைப் போட்டபிறகும் சிறிது நேரம் அதை எரியவிட்டுப் படத்தைச் சரியாக அமர்த்தலாம். ஃபோகஸை மட்டும் பச்சையில் பாருங்கள். சிவப்பில் லென்ஸின் ஃபோகஸ் சற்றுத் தள்ளி விழக்கூடும். எல்இடிகளை அலுமினிய ஹீட் சிங்கில் பொருத்தாமல் எரியவிடக் கூடாது. முன்பக்கம் குளிர்ந்திருந்தாலும் முதுகு கொதிக்கும்.

எல்இடி தட்டின் மேல் கண்டென்சர் லென்ஸ் வைத்தால் ஒவ்வொரு புள்ளியும் தாளில் தெரியும். உட்புறம் தெர்மாகோல் ஒட்டிய பெட்டியும், அதன் வாயில் பால்வெள்ளை அக்ரிலிக் தகடும் அந்தப் புள்ளிகளைக் கலைத்துவிடும். குண்டு பல்பென்றால் தெர்மாகோல் உருகியிருக்கும். இப்படிப் பரவிய ஒளியில் நெகட்டிவின் கீறலும் தூசியும் மங்கிப்போவது பெரிய நிம்மதி. கான்ட்ராஸ்ட் சற்றுக் குறையும். ஆந்த்ரே காலியே 1909இல் விளக்கிய விளைவு அது. நீலத்தைக் கொஞ்சம் கூட்டினால் ஈடாகிவிடும்.

எந்த விளக்கானாலும் நெகட்டிவ் இல்லாமல், லென்ஸை எஃப் 8க்குக் குறைத்து, ஒரு முழுத் தாளை நடுத்தரச் சாம்பல் நிறம் வரும் அளவுக்கு எக்ஸ்போஸ் செய்து டெவலப் செய்யுங்கள். முழுக் கறுப்பில் குறை தெரியாது, சாம்பலில் உடனே தெரியும். மூலைகள் வெளுத்திருந்தால் எல்இடிக்கும் அக்ரிலிக்குக்கும் இடையே தூரத்தைக் கூட்டி மறுபடியும் பாருங்கள்.