பெயர் கொடுத்துச் சேர்ந்தவர்கள்

சென்ற மாதம் ஒரு கூட்டத்தில் வியத்நாம் பற்றிப் பேச்சு வந்தது. பிரான்சின் அந்நியர் படையணியில் இருந்தவன் எல்லாம் கூலிப்படை, அதில் பேச என்ன இருக்கு என்று நண்பர் ஒருவர் முடித்துவிட்டார். இன்னொரு தோழர், அதிலிருந்து தப்பி ஹோ சி மின் பக்கம் போனவர்களைச் சொல்லிப் பெருமைப்பட்டார். கூலி, இல்லாவிட்டால் தியாகி. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு சொல் நசுங்கிக் கிடப்பதாக எனக்குப் பட்டது: 'விருப்பம்'. படையணிக்காரர்கள் விரும்பிச் சேர்ந்தவர்கள் என்றுதான் பிரெஞ்சு அரசு சொல்லிவந்திருக்கிறது. யாருடைய விருப்பம்?

பிரான்ஸ் அல்ஜியர்ஸைப் பிடித்தது 1830இல். அடுத்த ஆண்டே, 1831 மார்ச்சில், அந்நியர் படையணி உருவானது. அதைப் பிரெஞ்சு நிலப்பரப்புக்கு வெளியில்தான் பயன்படுத்தலாம் என்று சட்டமே சொன்னது. எவன் எங்கே சாகலாம் என்பதற்கான பங்கீடு இது. 1946 முதல் 1954 வரை நடந்த இந்தோசீனப் போரிலும் இதே பங்கீடுதான். கட்டாய ராணுவ சேவையிலிருந்த பிரெஞ்சு இளைஞர்கள் அங்கே அனுப்பப்படவில்லை. தொழில்முறைப் பிரெஞ்சுச் சிப்பாய்களோடு மொராக்கோ, அல்ஜீரிய, மேற்கு ஆப்பிரிக்கப் படைகளும், வியத்நாமியர்களும், படையணியினரும் போனார்கள். படையணியில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேல் செத்தார்கள். அவர்களுக்காக அழுத தாய்களுக்குப் பாரிஸில் ஓட்டுக் கிடையாது.

வந்தவர்கள் யார்? 1945க்குப் பிறகு பெருந்தொகையாக ஜெர்மானியர்கள். போர்க்கைதி முகாம்களிலேயே ஆள் எடுத்தார்கள். முள்வேலிக்குள் பசியோடு நிற்பவனிடம் ஐந்தாண்டு ஒப்பந்தத்தை நீட்டிவிட்டு அதற்குப் பெயர் விருப்பம் என்றால் எப்படி? அதற்குச் சில ஆண்டுகள் முன்னால் இதே சீருடைக்குள் வந்தவர் எர்ன்ஸ்ட் ஃப்ரை. வியன்னா யூதர், கம்யூனிஸ்ட், ஹிட்லருக்குத் தப்பி ஓடிவந்தவர். விரட்டப்பட்டவனுக்கும் விரட்டிய படையில் இருந்தவனுக்கும் அங்கே ஒரே வாசல். இவர்கள் கிராமங்களை எரிக்கவில்லை என்று நான் சொல்லவரவில்லை. எரித்தார்கள். கூலி என்ற வசை அந்த வாசலைக் கட்டியவனைத் தப்பவிட்டுவிடுகிறது என்பதுதான் என் புகார்.

சேர்கிறவன் வேறு பெயரில் சேரலாம், அந்தக் காலத்தில் பழசைக் கேட்கவும் மாட்டார்கள். அதிகாரம் கூப்பிடும்போது திரும்பிப் பார்ப்பவன் தன்னிலையாகிறான் என்றார் அல்துஸ்ஸர், அவரும் அல்ஜீரியாவில் பிறந்தவர்தான். 1962 வரை அந்த அல்ஜீரியாவின் சிதி பெல் அப்பேஸ்தான் படையணியின் தலைமையிடம். அங்கே இந்த விளிப்பு தத்துவம் அல்ல, அன்றாட அலுவலக வேலை. பழைய நினைவை வாங்கிக்கொண்டு பதிலுக்கு வேறு நினைவைக் கொடுக்கிறார்கள். 1863 ஏப்ரல் 30இல் மெக்சிகோவின் கமரோனில் செத்த காப்டன் டான்ஜூவின் மரக்கையை இன்றும் ஆண்டுதோறும் ஏந்திவருகிறார்கள். 1954இல் தியன் பியன் பூவில் முற்றுகைக்குள் கிடந்தபோதும் அந்த நாளைக் கொண்டாடினார்கள். ஏழு நாளில் முகாம் விழுந்தது.

இப்போது இரண்டாவது தோழருக்கு. படையணியை விட்டோடி வியத்மின்னில் சேர்ந்த போலந்துக்காரர் ஸ்டெஃபான் குபியாக், தியன் பியன் பூவில் எதிர்ப்பக்கம் நின்று போரிட்டார். அவருக்கு ஹோ சி தோவான் என்று பெயர். ஹோ சி மின் தன் குடும்பப் பெயரையே கொடுத்தார். இங்கேயும் பெயர் மாறியிருக்கிறது. இரண்டும் ஒன்றா? இல்லை. ஒன்று வேரை மறைக்கக் கொடுத்த பெயர், மற்றது உறவாகக் கொடுத்த பெயர். முள்வேலியும் பசியும் இல்லாமல், உயிரைப் பணயம் வைத்து எடுத்த அந்த முடிவைத்தான் விருப்பம் என்று என்னால் சொல்ல முடியும். ஆனால் விட்டோடி வந்த ஜெர்மானியர்களில் பலர் 1951 முதல் கிழக்கு ஜெர்மனிக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். புரட்சியும் தனக்கு வந்த அந்நியரைக் கணக்குப் பார்த்துத்தான் வைத்துக்கொண்டது.

காயம்பட்ட படையணிக்காரன் குடியுரிமை கேட்டால் கொடுக்கலாம் என்று பிரான்ஸ் சட்டம் போட்டது 1999இல். விருப்பத்துக்குக் கிடைக்காதது ரத்தத்துக்குக் கிடைக்கிறது.

இயக்கப் பெயர்கள் நமக்கும் புதிதல்ல. ஆள் சேர்க்கும் எந்த அமைப்பிடமும், நம்முடையதிடமும், நான் கேட்க நினைப்பது இதைத்தான்: வந்தவனின் பழைய பெயரை எங்கே வைத்திருக்கிறீர்கள்? அவன் திரும்பிப்போக நினைத்தால் அதைக் கொடுப்பீர்களா?