துணைப் புரதங்களை ரசிப்பது எப்படி?

கச்சேரிக்குப் புதிதாக வரும் ரசிகர் பாடகரின் குரலிலேயே மனத்தைச் செலுத்தியிருப்பார். கேட்டுக் கேட்டுப் பழகிய பிறகுதான், அந்தக் குரலைத் தாங்கிச் செல்லும் பக்கவாத்தியத்தின் அருமை அவருக்குப் புலப்படத் தொடங்கும். மூளையைப் பற்றிப் படிப்பவர்களுக்கும் இத்தகைய பக்குவம் ஒன்று உண்டு. நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லிக்கொள்ளும் சினாப்ஸ் என்னும் சந்திப்பில், செய்தியைக் கொண்டுவரும் ரசாயனப் பொருளும் அதைப் பெற்றுக்கொள்ளும் ஏற்பியுமே முதலில் நம் கண்ணில் படுகின்றன. ஆனால், அந்த ஏற்பியை ஒட்டி நின்று, அது எங்கே அமர வேண்டும், எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும், எந்த மருந்துக்கு எப்படி இணங்க வேண்டும் என்பவற்றையெல்லாம் நிர்ணயிக்கும் துணைப் புரதங்களையும் சேர்த்துப் பார்க்கக் கற்றவர்களுக்கே அந்தச் சந்திப்பின் பூரண சௌந்தரியம் விளங்கும்.

இந்த ரசனையைத் தொடங்குவதற்கு உகந்த இடம் ஆம்பா ஏற்பி. சினாப்ஸில் இரண்டு அணுக்களையும் பிரிக்கும் வெளி சுமார் 20 நானோமீட்டர்தான். ஒருபுறமிருந்து வெளிப்படும் குளூட்டமேட் அந்த வெளியைக் கடந்து மறுபுறத்து ஏற்பியில் படிந்தவுடன், நான்கு புரத உறுப்புகள் கூடி அமைத்த வாயில் திறந்து, சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. மூளையின் துரிதமான கிளர்ச்சிச் செய்திகளில் பெரும்பகுதி இந்த வாயிலின் வழியாகவே செல்கிறது.

ரசனையின் முதற்படி, துணை இல்லாதபோது என்ன நேர்கிறது என்று பார்ப்பது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், பார் ஹார்பர் என்ற ஊரிலுள்ள ஜாக்ஸன் ஆய்வுக்கூடத்தில், தானாகவே நிகழ்ந்த ஒரு மரபணு மாற்றத்தோடு பிறந்த எலிகள் சில, தள்ளாடி நடந்ததோடு, அடிக்கடி தலையை உயர்த்தி வானத்தைப் பார்ப்பதுபோல் நின்றதால், விண்மீன் நோக்கி என்று பொருள்படும் ஸ்டார்கேசர் என்ற பெயரைப் பெற்றன. உடல் உதறாமல் பிரக்ஞை மட்டும் கணநேரம் அற்றுப்போகும் வலிப்பு வகையும் அவற்றுக்கு இருந்ததை 1990-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. பழுதுபட்ட மரபணுவை 1998-இல் வெரிட்டி லெட்ஸும் சகாக்களும் கண்டுபிடித்தனர். அது உண்டாக்கும் புரதத்துக்கு ஸ்டார்காசின் என்று பெயர். தசையிலுள்ள கால்சிய வாயிலின் உறுப்பொன்றை அது ஒத்திருந்தமையால், கால்சியத்தோடு தொடர்புடையதாகவே முதலில் கருதப்பட்டது.

அதன் உண்மையான காரியம் 2000-ஆம் ஆண்டில் துலங்கியது. ஸான் பிரான்ஸிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் லூ சென், ராஜர் நிக்கோல், டேவிட் பிரெட் முதலானோர் நடத்திய அந்தப் பரிசோதனையை ஒவ்வொரு வாசகரும் நிதானமாக மனத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். இந்த எலிகளின் சிறுமூளையிலுள்ள கிரானுல் அணுக்களில் ஆம்பா ஏற்பிகள் உற்பத்தியாயினும், அணுவின் மேற்பரப்பை எட்டவில்லை. ஸ்டார்காசினைத் திரும்பக் கொடுத்தவுடன் அவை மேற்பரப்புக்கு வந்தன. சினாப்ஸும் பேசத் தொடங்கியது. ஆனால் வால் நுனி நறுக்கப்பட்ட ஸ்டார்காசினைக் கொடுத்தபோதோ, ஏற்பிகள் மேற்பரப்பு வரையில் வந்தனவேயன்றிச் சினாப்ஸில் போய் அமரவில்லை. அந்த நுனிதான் சினாப்ஸின் அடித்தளத்திலுள்ள பி.எஸ்.டி-95 என்னும் புரதத்தைப் பற்றிக்கொள்ளும் கை. வெளியே கொண்டுவருவது ஒரு வேலை, உரிய ஸ்தானத்தில் நிறுத்துவது வேறொரு வேலை என்பதை ஒரே புரதத்தின் இரண்டு பாகங்களில் இவ்வளவு தெளிவாகப் பிரித்துக் காட்டியதே இந்தப் பரிசோதனையின் அழகு.

இரண்டாம் படி, மின்னோட்டப் பதிவுகளைப் படிக்கப் பழகுவது. எர்வின் நேஹரும் பெர்ட் ஸக்மனும் உருவாக்கியதும், 1991-இல் அவர்களுக்கு நோபல் பரிசு பெற்றுத்தந்ததுமான நுண்ணிய கண்ணாடிக்குழாய் முறையால் எடுக்கப்படும் இந்தப் பதிவுகளில், உள்ளே பாயும் மின்னோட்டத்தைக் கீழ்நோக்கி வரைவது மரபு. குளூட்டமேட்டைத் தொடர்ந்து செலுத்தும்போது கோடு விழும் ஆழத்தையும், அது மேலே திரும்பும் வேகத்தையும், திரும்பிய பின் எஞ்சி நிற்கும் ஓட்டத்தையும் தனித்தனியே பாருங்கள். ஏற்பி தனித்திருக்கையில் கோடு சடக்கென்று விழுந்து, சில மில்லி செகண்டுகளிலேயே ஏறக்குறைய பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. ஸ்டார்காசின் உடனிருந்தால் திரும்புதல் நிதானப்படுகிறது. எஞ்சும் ஓட்டமும் கூடுகிறது. ஏற்பியை இடம் சேர்த்ததோடு நில்லாமல், அதன் நடத்தையையும் ஸ்டார்காசின் மாற்றியிருக்கிறது.

இந்த மாற்றத்தின் விசித்திரம் மருந்துகளில் இன்னும் பிரத்தியட்சம். தனித்த ஏற்பியை அரைகுறையாகவே திறக்கும் கைனேட் என்ற பொருள், ஸ்டார்காசின் அருகிருக்கும்போது வலிமையாகத் திறக்கிறது. ஆம்பா ஏற்பியை அடைப்பதற்கென்றே வெகுகாலமாகப் பயன்படுத்தப்பட்டுவந்த சி.என்.க்யூ.எக்ஸ். என்ற பொருளோ, துணைப் புரதம் சேர்ந்துள்ள ஏற்பியைச் சிறிதளவு திறக்கவே செய்கிறது என்பது 2007-இல் தெரியவந்தது. பகையென்று எண்ணியிருந்த பொருள் சற்றே நட்பாக மாறும் இந்த ஒரு விஷயம் போதும், துணைப் புரதம் வெறும் சுமைதூக்கி அல்ல என்பதை நிரூபிக்க.

மூன்றாம் படி, வடிவத்தைக் கண்ணால் காண்பது. உறைந்த நிலையில் மூலக்கூறுகளைப் படம்பிடிக்கும் கிரையோ எலெக்ட்ரான் நுண்ணோக்கியின் உதவியால், 2016-இல் இரண்டு குழுவினர் ஆம்பா ஏற்பியையும் அதன் துணைகளையும் சேர்த்தே வெளியிட்ட படங்களைத் தேடிப் பாருங்கள். மேலே விரிந்தும் கீழே குறுகியும் நிற்கும் ஏற்பியின் அடிப்பகுதியை, சவ்வுக்குள் அமர்ந்தபடி சூழ்ந்து நிற்கின்றன துணைப் புரதங்கள். அவற்றின் தலைகளோ, குளூட்டமேட் படியும் பகுதிக்குச் சற்றுக் கீழே காத்திருக்கின்றன. வாயில் திறந்திருக்கும் நேரத்தை அவை எவ்வாறு மாற்ற முடிகிறது என்ற கேள்விக்கு, அந்தப் படத்தில் அவை நிற்கும் இடமே பாதி விடை.

இந்தத் துணைப் புரதக் குடும்பத்தில் இருப்பது ஸ்டார்காசின் ஒன்றே அன்று. காமா-8 என்ற உறவினர் நினைவாற்றலுக்கு இன்றியமையாத ஹிப்போகாம்பஸில் மிகுந்திருக்கிறது. ஸ்டார்காசினோ சிறுமூளையில் முக்கியமானது. இந்த வித்தியாசத்தில் பெரும் நன்மை ஒன்று அடங்கியிருக்கிறது. மூளை முழுவதிலும் ஆம்பா ஏற்பியைத் தடுக்கும் மருந்து வலிப்பைக் குறைத்தாலும், நடையின் சமநிலையைக் காக்கும் சிறுமூளையையும் விட்டுவைக்காமையால், தலைச்சுற்றலும் தள்ளாட்டமும் தரக்கூடும். இதைத் தவிர்க்க, காமா-8 சேர்ந்த ஏற்பியை மட்டும் தேடித் தடுக்கும் பொருள்களை விஞ்ஞானிகள் உருவாக்கி, அவை விலங்குகளில் வலிப்பைக் குறைப்பதைக் கண்டிருக்கிறார்கள்.

ஆகவே வாசகர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: இனி ஏதேனும் ஓர் ஏற்பியைப் பற்றிப் படிக்கும்போது, அதன் துணை எது என்று முதலில் கேளுங்கள், துணை இல்லாமல் எடுத்த பதிவையும் துணையோடு எடுத்த பதிவையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஏற்பியின் குணம் அதற்கு மட்டும் சொந்தமானதல்ல, அது சேர்ந்திருக்கும் கூட்டத்துக்கும் சொந்தமானது என்பது அப்போது உங்களுக்கே தெளிவாகும்.